வெண்ணாடையும் தறியும்: திருவள்ளுவர் உருவப்படங்களும் அவற்றின் சமூகச் சூழலும்

காட்சிப் பண்பாடு என்னும் ஆய்வுப்புலம் கடந்த முப்பது ஆண்டுகளில் இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஓரளவு வேரூன்றியுள்ளது. ஓவியம், சிற்பம், நாட்காட்டிப் படம், அஞ்சல்தலை, சுவரொட்டி, திரைப்படம், கைப்பேசித் திரையில் வந்து போகும் படம் ஆகிய அனைத்தையும் ஒரே தளத்தில் வைத்து நோக்குவது இப்புலத்தின் இயல்பு. ஒரு படம் அழகுடையதா, கலைத்தரம் வாய்ந்ததா என்னும் வினாக்களை இது சற்றே ஒதுக்கி வைக்கிறது. அப்படம் யாரால் ஆக்கப்பட்டது, எந்தக் கருவியால் பெருக்கப்பட்டது, எவ்விடத்தில் தொங்குகிறது, அதன் முன் நிற்பவர் யார் என்னும் வினாக்களையே முன்னிறுத்துகிறது. வால்டர் பெஞ்சமின் 1936இல் எழுதிய கட்டுரையும், ஜான் பெர்ஜர் 1972இல் தொலைக்காட்சித் தொடராகவும் நூலாகவும் வழங்கிய பார்வை பற்றிய விளக்கங்களும் இப்புலத்தின் தொடக்கப் பாடங்களாகப் பயிலப்படுகின்றன.

தமிழ்ச் சூழலைப் பொறுத்தவரை, இத்துறையின் வழிகாட்டி நூல்கள் தமிழ்த்துறைகளுக்கு வெளியிலிருந்தே வந்தன. விடுதலை இயக்கக் கால நாடகத்தையும் திரைப்படத்தையும் ஆராய்ந்த தியடோர் பாஸ்கரன் (1981) அஞ்சல்துறை அதிகாரி. எம்.ஜி.ஆர். என்னும் திரைப்பிம்பத்தையும் அரசியலையும் இணைத்து ஆராய்ந்த எம்.எஸ்.எஸ். பாண்டியன் (1992) சமூக அறிவியலாளர். தமிழ்த்தாய் உருவத்தின் வரலாற்றை விரித்துரைத்த சுமதி ராமசாமி (1997) வரலாற்றாசிரியர். இது தற்செயலாக நேர்ந்ததன்று. நம் பயிற்சி சொல்லோடு தொடங்கிச் சொல்லோடு முடிவது. ஓலையில் ஓர் எழுத்து மாறியிருந்தால் அதற்காகப் பத்துப் பக்கம் வாதிடும் நாம், அந்நூலின் முகப்பில் அச்சிடப்பட்ட படத்தைத் திருப்பிவிட்டே நூலுக்குள் நுழைகிறோம்.

இவ்வாறு நாம் கண்டும் காணாது விட்ட படங்களுள் முதன்மையானது திருவள்ளுவர் உருவம். இவ்வுருவத்தின் உடை பற்றி 2019ஆம் ஆண்டு முதல் எழுந்துள்ள பூசலில் தமிழ்ப் புலமையாளர் பலர் கருத்துரைத்தனர். அவர்தம் கருத்துரைகள் பெரும்பாலும் ‘வள்ளுவரின் உண்மைத் தோற்றம் யாது?’ என்னும் வினாவையே சுற்றி அமைந்தன. அவ்வினாவுக்கு விடை இல்லை என்பது மட்டுமன்று. அவ்வினா படத்தைப் படமாகப் பார்க்கவிடாமல் தடுக்கிறது என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து. ஆடையின் நிறத்தைப் பற்றி உரக்கப் பேசும் இருதரப்பும் ஒருசேர மறந்துவிட்ட பொருள் ஒன்று உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

சான்றில்லா முகம்

திருக்குறளில் ஆசிரியர் தம்மைப் பற்றி ஏதும் கூறவில்லை. அவரைப் புகழ்வதற்கென்றே தொகுக்கப்பட்ட திருவள்ளுவமாலையும் நூலின் பெருமையைப் பேசுகிறதேயன்றி நூலாசிரியரின் தோற்றத்தை வருணிக்கவில்லை. எனவே வள்ளுவர்க்கு வரையப்பட்ட எல்லா உருவங்களும் பிற்காலத்தவரின் ஆக்கங்களே. இவ்வாறு கூறுவது அவற்றின் மதிப்பைக் குறைப்பதாகாது. மூலம் இல்லாத இடத்தில்தான் ஒவ்வொரு காலமும் தன் முகத்தை ஐயத்திற்கிடமின்றி எழுதிச் செல்கிறது.

கிடைக்கும் பழைய உருவங்களுள் ஒன்று பொற்காசில் உள்ளது. சென்னையில் பணியாற்றி 1819இல் மறைந்த எல்லிஸ் துரையின் முயற்சியால் அடிக்கப்பட்டது என ஐராவதம் மகாதேவன் அடையாளம் காட்டிய அக்காசில், அமர்ந்த நிலையில் துறவி ஒருவரும் அவர் தலைக்கு மேல் குடையும் உள்ளன. குடை சமண மரபை நினைவூட்டுவது. இதற்கு மாறாக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் வெளிவந்த திருக்குறள் பதிப்புகள் சிலவற்றில், உச்சியில் முடிந்த சடையும் நெற்றியில் திருநீறும் உடைய முனிவராக வள்ளுவர் தோன்றுகிறார். மயிலாப்பூர்த் திருவள்ளுவர் கோயிலில் அவர் வழிபடு தெய்வம். ஆண்டுதோறும் வைகாசி அனுட நாளில் அங்கு விழா நிகழ்வதும் மரபு.

இவ்வேறுபாடுகளைக் கண்டதும் நமக்குள் உள்ள பதிப்பாசிரியர் விழித்துக்கொள்கிறார். பல பிரதிகளை ஒப்பிட்டு, பாடபேதங்களைக் குறித்து, மூலத்துக்கு நெருக்கமானதைத் தேர்ந்தெடுக்க அவர் விழைகிறார். 2019க்குப் பின் நாளிதழ்களில் வெளிவந்த கட்டுரைகள் பலவும் இம்முறையையே கைக்கொண்டன. பழைய படம் ஒன்றைக் காட்டி ‘இதில் திருநீறு உள்ளது’ என்றார் ஒருவர். காசைக் காட்டி ‘இது அதனினும் பழையது, இதில் குடை உள்ளது’ என்றார் மற்றொருவர். பழமை மிகுந்தது உண்மைக்கு நெருக்கமானது என்னும் பதிப்புநெறி ஓலைச்சுவடிக்குப் பொருந்தலாம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் அல்லது ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முன் வாழ்ந்தவராகக் கருதப்படும் ஒருவருக்கு இருநூறு ஆண்டுப் பழமையுடைய படம் எவ்வகையில் சான்றாகும்? அஃது எல்லிஸ் காலத்துச் சென்னையில் வள்ளுவரை யார் எவ்வாறு எண்ணினர் என்பதற்குச் சான்று. அந்த அளவில் விலைமதிப்பற்ற சான்று.

ஆகவே பாடபேதம் என்னும் கருவியை முற்றிலும் கைவிட வேண்டுவதில்லை. வேறுபாடுகளைக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் மூலத்தைத் தேடுவதற்காக அன்றி, ஒவ்வொரு வேறுபாடும் எந்த அவையில், எந்த அச்சுக்கூடத்தில், யாருடைய ஒப்புதலோடு உருவாயிற்று என்பதை அறிவதற்காக அதனைப் பயன்படுத்துதல் வேண்டும்.

ஒப்புதல் பெற்ற படம்

இன்று நாம் வள்ளுவர் என்றதும் நினைவுக்கு வரும் முகம் ஓவியர் கே.ஆர். வேணுகோபால் சர்மா (1908–1989) வரைந்தது. 1950களின் இறுதியில் நிறைவுற்ற இவ்வோவியம் 1964ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், எம். பக்தவத்சலம் முதலமைச்சராக இருந்தபோது, அன்றைய குடியரசுத் துணைத்தலைவர் ஜாகிர் உசேனால் சட்டமன்றத்தில் திறந்துவைக்கப்பட்டது. 1967இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு, அரசு அலுவலகங்கள் அனைத்திலும் அப்படம் இடம்பெற வேண்டும் என ஆணையிட்டது. இடையில் 1960இல் இந்திய அஞ்சல்துறை 15 நயா பைசா மதிப்பில் வள்ளுவர் அஞ்சல்தலையை வெளியிட்டிருந்தது.

இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்ப்பது பயன்தரும். 1964இல் திறந்தது காங்கிரசு அரசு; 1967இல் பரப்பியது அதனை வீழ்த்திய கட்சி. இவ்விரண்டுக்கும் நடுவே 1965ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போராட்டம் நிற்கிறது. ஒருவரையொருவர் கடுமையாக எதிர்த்த இரண்டு அரசியல் அணிகள் ஒரே படத்தின் கீழ் நிற்க முடிந்தது எவ்வாறு? அப்படத்தில் எவரும் மறுக்கக்கூடிய அடையாளம் ஏதும் இல்லாமையே அதற்குக் காரணம். நெற்றி வெறுமையாக உள்ளது. கழுத்தில் மாலை இல்லை. உடலை வெண்ணிற ஆடை போர்த்தியுள்ளது. ஒரு கையில் ஓலை, மற்றொரு கையில் எழுத்தாணி. சைவர்க்கும் வைணவர்க்கும் சமணர்க்கும் பௌத்தர்க்கும் கிறித்தவர்க்கும் பகுத்தறிவாளர்க்கும் வள்ளுவர்மேல் தனித்தனி உரிமை வாதங்கள் இருந்தன. அனைவருடைய அடையாளங்களையும் ஒவ்வொன்றாக நீக்கிய பின் எஞ்சியதே இப்படம். சேர்த்தலால் உருவான படங்கள் உலகில் பல. நீக்கலால் உருவான படம் இது.

அதன் பின்னர் இவ்வுருவம் ஆட்சிமாற்றங்களைக் கடந்து நிலைபெற்றது. 1968 சனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் எழுந்த சிலைகளுள் வள்ளுவர் சிலையும் ஒன்று. வள்ளுவர் கோட்டத்தைத் திட்டமிட்டுக் கட்டிய அரசு 1976 சனவரி 31இல் கலைக்கப்பட்டது. எனினும் அதே ஆண்டு ஏப்ரலில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது அதனைத் திறந்துவைத்தார். கட்டியவர் ஆட்சியில் இல்லை. திறந்தவர் அதனை மறுக்கவும் இயலவில்லை. இத்தகைய வலிமையை ஓர் உருவம் பெறுவதற்கு ஓவியத்திறன் மட்டும் போதாது.

அப்படம் தொங்கும் இடங்களும் கருதத்தக்கவை. கோயிலில் உள்ள உருவத்தின் முன் நிற்பவர் கண்டு வணங்குகிறார். வட்டாட்சியர் அலுவலகத்தில் உள்ள உருவத்தின் முன் நிற்பவர் கையில் மனுவோடு காத்திருக்கிறார். அவர் படத்தை நோக்குவதில்லை, படமே அவரை நோக்கிக்கொண்டிருக்கிறது. அரசுப் பேருந்தில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் எழுதப்பட்ட குறளைப் பயணி படித்தும் படியாமலும் இறங்கிச் செல்கிறார். இந்தியக் கடவுட்படங்களை ஆராய்வோர் பெரிதும் கையாளும் ‘தரிசனம்’ என்னும் கருத்தாக்கம் இவ்விடங்களுக்குப் பொருந்தாது. அவற்றில் நிகழ்வது கூர்ந்த பார்வையன்று, பழக்கம். நாள்தோறும் கண்ணில் பட்டு, கவனத்தில் படாமல், ஐம்பது ஆண்டுகளில் அம்முகம் தமிழரின் நினைவில் இயற்கையான முகமாகிவிட்டது. கூர்ந்து நோக்கப்படாத படமே மிகுந்த ஆற்றலுடையது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தமிழகத்தில் அரிது.

வெறுமை ஓர் அடையாளமா?

அடையாளமற்ற படம் அனைவர்க்கும் பொதுவானது என்னும் கூற்றை இவ்விடத்தில் சற்றுச் சோதித்தல் வேண்டும். வெற்று நெற்றியை ‘நீக்கப்பட்ட நெற்றி’யாகக் காண்பதற்கு, அங்கே முன்னர் என்ன இருந்தது என்பதை அறிந்த கண் தேவை. தமிழகத்துக்கு வெளியே உள்ள தமிழ்த்துறைகளின் சுவர்களிலும் இப்படமே உள்ளது. சான்றிதழ் வகுப்பில் சேரும் இந்தி, வங்காள மாணவர்களிடம் ‘இவர் யார்?’ என்று கேட்டால், பெரும்பாலோர் தயக்கமின்றி ‘யாரோ ஒரு ரிஷி’ என்கின்றனர். தாடி, உச்சியில் முடிந்த கூந்தல், அமர்ந்த நிலை, ஓலை ஆகிய நான்கும் அவர்கள் அறிந்த நாட்காட்டிப் படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் வான்மீகிக்கும் வியாசருக்கும் உரியவை. அவர்கள் பார்வையில் இங்கே நீக்கம் ஏதும் நிகழவில்லை. ஒரு முனிவர் இருக்கிறார், அவ்வளவே.

இஃது எள்ளி நகையாடத்தக்க அறியாமை அன்று. படம் தன் பொருளைத் தன்னுள் வைத்திருப்பதில்லை, பார்க்கும் சமூகத்திடமிருந்து பெறுகிறது என்னும் கோட்பாட்டின் எளிய மெய்ப்பிப்பு. 1964ஆம் ஆண்டுச் சட்டமன்றத்தில் இருந்தோருக்குத் தெளிவாகத் தெரிந்த ஒரு மறுப்பு, பிற மொழியினர்க்கும், இன்று தமிழகத்திலேயே இளைய தலைமுறையினர் பலர்க்கும் தெரிவதில்லை. அவ்வாறு தெரியாமற்போனதால்தான் அப்படத்தின் மீது வேறொரு நிறம் ஏறுவது எளிதாயிற்று.

2019 நவம்பர்த் தொடக்கத்தில் பாரதிய ஜனதா கட்சியின் தமிழ்நாட்டுப் பிரிவு தன் ட்விட்டர் கணக்கில் காவியாடையும் திருநீறும் கொண்ட வள்ளுவர் படத்தை வெளியிட்டது. எதிர்ப்பு எழுந்தது. ஓரிரு நாள்களில் தஞ்சாவூரை அடுத்த பிள்ளையார்பட்டியில் வள்ளுவர் சிலை இழிவுபடுத்தப்பட்டது. பின்னர் அதே சிலைக்குக் காவித் துண்டும் உருத்திராக்க மாலையும் அணிவித்த அமைப்பொன்றின் தலைவர் கைது செய்யப்பட்டார். 2024 சனவரியில் திருவள்ளுவர் நாளன்று தமிழக ஆளுநரின் வாழ்த்துச் செய்தி காவியுடைப் படத்துடன் வெளிவந்தது. அதே ஆண்டு மே 24 அன்று, வைகாசி அனுட நாளில், ஆளுநர் மாளிகையில் வள்ளுவர் திருநாள் கொண்டாடப்பட்டது. தைத் திங்களில் வெண்ணாடை, வைகாசியில் காவி என நாளும் நிறமும் ஒருங்கே பிரிந்து நின்றதை எவரும் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. நிறப்பூசல் நாட்பூசலும் ஆகும். அரசு வகுத்த பண்பாட்டு நாள்காட்டிக்கும் கோயில்சார் நாள்காட்டிக்கும் இடையே உள்ள பழைய இழுபறியின் புதிய வெளிப்பாடு அது.

இப்பூசலில் காட்சி ஆய்வாளன் முதலில் நோக்க வேண்டியது வேறொன்று. பரவிய காவியுடைப் படங்களுள் பெரும்பாலானவை சர்மாவின் ஓவியத்தையே அடிப்படையாகக் கொண்டவை. அதே முகம், அதே தாடி, அதே அமர்வு, அதே ஓலை. ஆடையின் நிறத்தைக் கணினியில் மாற்றி, நெற்றியில் மூன்று கோடு இட்டால் வேலை முடிந்தது. பழைய பதிப்புகளின் சடைமுடி முனிவரை எடுத்து அப்படியே பரப்பியிருக்கலாம். அவை கைக்கு எட்டாதவை அல்ல. ஆனால் அவ்வாறு செய்திருந்தால், பார்ப்போர் அதனை வள்ளுவர் என்று ஏற்கத் தயங்கியிருப்பர். அப்படியானால், அப்படத்தை மறுப்பவரும் அப்படத்தின் முகத்தைத்தான் நம்ப வேண்டியுள்ளது. அரசாணை பெற்ற ஓவியத்தின் வெற்றிக்கு அதன் எதிர்ப்பாளரே சான்று தருகின்றனர்.

இவ்விரண்டு படங்களையும் ‘இரண்டும் கற்பனைதானே’ என்று சமன்படுத்துவோரும் உளர். இக்கூற்றை ஏற்பதற்கில்லை. இரண்டும் கற்பனையே. ஆயினும் ஒன்று பல தரப்பினரின் பார்வைக்கு வைக்கப்பட்டு, சட்டமன்றத்தில் ஏற்கப்பட்டு, கட்சி வேறுபாடின்றி இரண்டு அரசுகளால் வழிமொழியப்பட்டது. மற்றொன்று அவ்வொப்புதலின் மேல், எவரையும் கேளாமல், நிறம் பூசியது. கற்பனைகளுக்கிடையேயும் எவ்வாறு ஆக்கப்பட்டன என்னும் அடிப்படையில் தர வேறுபாடு உண்டு. அவ்வாறே, கூடாவொழுக்கம் அதிகாரத்தின் இறுதிக் குறள் மழித்தலையும் நீட்டலையும் புறக்கணிப்பதை எடுத்துக்காட்டி, உருவப் பூசலையே தேவையற்றது என்று ஒதுக்கியோரும் உளர். நூலின் கருத்தாக அது சரியே. படம் என்பது நூலாசிரியரின் விருப்பத்தால் வாழ்வதன்று என்பதை மட்டும் அவர்கள் மறந்துவிட்டனர்.

கல்லுக்கு நிறமில்லை

ஊடகத்தின் இயல்பு பூசலின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கும் இந்நிகழ்வுகள் சான்றாகின்றன. கணினித் திரையில் உள்ள படத்தை நிறமாற்றத்தால் வெல்ல முயன்றோர், கற்சிலையின் முன் அதனைச் செய்ய இயலவில்லை. எனவே மெய்யான துணியையும் மெய்யான மணிமாலையையும் கொண்டுவர வேண்டியதாயிற்று. திரையில் நிகழ்ந்தது கருத்துரிமையாகவும் சிலையில் நிகழ்ந்தது சட்டம் ஒழுங்குச் சிக்கலாகவும் ஆனதற்கு இப்பருப்பொருள் வேறுபாடே காரணம்.

2000 சனவரி 1 அன்று திறக்கப்பட்ட கன்னியாகுமரிச் சிலையை இவ்வகையில் தனித்து நோக்கலாம். வை. கணபதி ஸ்தபதியின் திட்டத்தில் உருவான இச்சிலையின் மொத்த உயரம் 133 அடி. பீடம் 38 அடி, உருவம் 95 அடி. அறத்துப்பாலின் அதிகாரங்கள் 38; பொருட்பாலும் இன்பத்துப்பாலும் சேர்ந்து 95. அறம் என்னும் பீடத்தின் மேல் பொருளும் இன்பமும் நிற்கின்றன. சர்மாவின் ஓவியம் தத்தம் அடையாளங்களை நீக்கிச் சமயப் பூசலைத் தவிர்த்தது எனில், ஸ்தபதியின் சிலை ஆசிரியரின் உடலுக்குப் பதிலாக நூலின் பொருளடக்கத்தையே உடலாக்கி அதே பூசலைத் தவிர்த்தது. அமர்ந்தவர் எழுந்து நின்றார். எழுத்தாணி பிடித்த கை மூன்று விரல்களைக் காட்டலாயிற்று. இடுப்பின் வளைவில் கோயிற் சிற்ப மரபு தெரிகிறது. எனினும் அச்சிலையை அளந்து பார்ப்பவர்க்குக் கிடைப்பது நூலே. வள்ளுவர் உருவங்களுள் இதுவே நூலுக்கு மிக நெருங்கியது என்பது என் மதிப்பீடு. அதன் பேருருவத்தைக் குறைகூறும் கலை விமரிசகர்கள் இவ்வெண்ணிக்கையைப் போதிய அளவு கருத்திற்கொள்வதில்லை. 2024 திசம்பர் 30 அன்று விவேகானந்தர் பாறைக்கும் இச்சிலைக்கும் இடையே கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்ட பின், இரண்டு பாறைகளையும் ஒரே நடையில் பார்ப்போரின் கண்ணுக்கு இவ்விரண்டு உருவங்களும் எவ்வாறு இணைந்து பொருள்படும் என்பது இனி ஆராயத்தக்கது.

தமிழகத்துக்கு அப்பால்

மாநில எல்லையைக் கடக்கும்போது இவ்வுருவம் வேறு சுமைகளை ஏற்கிறது. பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் நிறுவப்பட்ட சிலை, அவ்வாண்டு காவிரிச் சிக்கலையொட்டிக் கனன்ற மொழிப் பகையின் சூழலில், 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகத்து 9 அன்று மு. கருணாநிதி அதனைத் திறந்துவைத்தார். நான்கு நாள்கள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. மூடப்பட்ட சிலையையும் மக்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தனர். துணிக்குள் இருந்த அவ்வுருவம் பெங்களூருத் தமிழர்க்குத் தம் நிலைமையின் படமாகவே இருந்தது எனலாம். அங்கே வெண்மையா காவியா என்னும் வினா எழவில்லை. தமிழா கன்னடமா என்பதே வினா. அதே கல், வேறு சமூகம், வேறு பொருள்.

அரித்துவாரில் 2016இல் நிகழ்ந்தது இன்னும் ஆழமானது. கன்னியாகுமரியிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட 12 அடிச் சிலைக்குக் கங்கைக்கரையில் இடம் கிடைக்கவில்லை. எதிர்ப்புக்குப் பின் அகற்றப்பட்டுப் பூங்கா ஒன்றில் கறுப்பு நெகிழித் தாளில் சுற்றப்பட்டுக் கிடந்த சிலையின் ஒளிப்படம் நாளிதழ்களில் வெளிவந்தது. அவ்வாண்டு இறுதியில் வேறோரிடத்தில் அச்சிலை நிறுவப்பட்டது. வள்ளுவரின் சாதி பற்றிய பேச்சும் அவ்வெதிர்ப்பில் இருந்ததா என்னும் வினா அப்போது பரவலாக எழுந்தது. வெண்ணாடை மறைத்துவைத்திருந்த ஒன்று அரித்துவாரில் வெளிப்பட்டுவிட்டது.

காணாமற்போன தறி

வள்ளுவர் பற்றிய செவிவழிக் கதைகளில் அவர் மயிலாப்பூரில் வாழ்ந்த நெசவாளர். ஏலேலசிங்கன் என்னும் வணிகன் அவர்தம் நண்பன். ஆதி, பகவன் என்போர்க்குப் பிறந்தவர் என்னும் கதையில் தாய் தாழ்த்தப்பட்ட குலத்தினள், தந்தை பார்ப்பனர். இக்கதைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எவ்வாறு திருத்தப்பட்டும் மறுக்கப்பட்டும் வந்தன என்பதை ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் (2000) விரிவாக ஆராய்ந்துள்ளார். அயோத்திதாசப் பண்டிதர் இவ்விழிபிறப்புக் கதையைக் கடுமையாக மறுத்து, வள்ளுவரைப் பௌத்த மரபினராகக் கண்டவர். தம் பாட்டனார் கந்தப்பன் வழியாகவே திருக்குறள் ஓலைச்சுவடி எல்லிசை அடைந்தது என்றும் அவர் எழுதினார். அக்கூற்றை ஏற்றால், பொற்காசின் பின்னணியில் பறையர் குடும்பம் ஒன்றின் ஓலைக்கட்டு இருக்கிறது.

பிறப்புக் கதையை ஏற்பதா விடுப்பதா என்பது ஒரு வினா. அயோத்திதாசரின் மறுப்பு நியாயமானது. கலப்புப் பிறப்பால்தான் ஒருவருக்கு அறிவு வாய்த்தது என்று சொல்ல முனையும் கதை எவரையும் பெருமைப்படுத்துவதாகாது. ஆனால் நெசவு என்பது பிறப்பன்று, தொழில். அந்தத் தொழில் ஏன் ஒப்புதல் பெற்ற எந்த உருவத்திலும் இடம்பெறவில்லை? எழுத்தாணி இருக்கிறது, ஓலை இருக்கிறது, பலகை இருக்கிறது. தறி இல்லை, தார்க்குச்சி இல்லை, நூற்கண்டு இல்லை. திருநீறும் உருத்திராக்கமும் சமயப்பூசலுக்கு அஞ்சி நீக்கப்பட்டன என்பது விளங்குகிறது. தறி எந்தப் பூசலுக்கு அஞ்சி நீக்கப்பட்டது?

ஓவியர் அதனைத் திட்டமிட்டு நீக்கினார் என்று நான் கூற வரவில்லை. அது தோன்றவே இல்லை என்பதுதான் கருதத்தக்கது. எழுதும் கையும் உழைக்கும் கையும் ஒரே உடலில் இருப்பதாக எண்ணிப் பார்க்கும் பழக்கம் 1964இல் சட்டமன்றத்திற்கும் இல்லை, ஓவியத்தைப் பாராட்டிய புலவர்க்கும் இல்லை. கபீரை வட இந்திய ஓவியங்கள் தறியில் அமர்ந்தவராகவே காட்டுகின்றன. இரவிதாசர் தோலும் ஊசியுமாகத் தோன்றுகிறார். வாரணாசியிலும் தில்லியிலும் தெருவோரக் கடைகளில் விற்கும் மலிவுவிலைப் படங்களில் இதனைக் காணலாம். தொழிலை நீக்கினால் அவர்கள் யார் என்றே பார்ப்பவர்க்குத் தெரியாது. நம் வள்ளுவரோ தொழிலற்ற சான்றோர். வெண்ணாடை உடுத்தியிருக்கிறார், அவ்வாடையை நெய்தவர் யார் என்பது படத்தில் இல்லை.

காவியா வெண்மையா என்னும் வாதம் நடந்த ஆண்டுகளில் இவ்வினாவை இருதரப்பிலும் எவரும் வலுவாக எழுப்பவில்லை. இரண்டுமே துணியின் நிறத்தைப் பற்றிய வாதங்கள். துணியைப் பற்றிய வாதம் அன்று. மதச்சார்பின்மையின் உருவம் என நாம் போற்றும் படம், சமயக் குறிகளோடு சேர்த்து உழைப்பின் குறியையும் அழித்த படம் என்பதை ஒப்புக்கொள்வதால் அதன் பெருமை குறையாது. மாறாக, அதனைக் காவியால் மறைக்க முயல்வோர்க்கு விடையிறுக்கும் வலிமை கூடும். அரித்துவாரில் சிலைக்கு இடம் மறுக்கப்பட்டபோது வெண்ணாடை அவரைக் காக்கவில்லை.

இத்துறையில் செய்யவேண்டிய அடிப்படைப் பணிகளே இன்னும் நிறைவேறவில்லை. 1812இல் வெளிவந்த முதல் அச்சுப் பதிப்பு தொடங்கி இன்றுவரை வந்த திருக்குறள் பதிப்புகளின் அடைவுகள் நம்மிடம் உள்ளன. அவை பதிப்பாசிரியர், அச்சகம், ஆண்டு ஆகியவற்றைத் தருகின்றன. முகப்புப் படம் இருந்ததா, இருந்தால் அதனை வரைந்தவர் யார், அச்சுக்கட்டை செதுக்கியவர் யார் என்னும் செய்திகளை அரிதாகவே தருகின்றன. நூலகங்களில் பழைய பதிப்புகள் மறுகட்டமைக்கப்படும்போது படத்தாள்தான் முதலில் உதிர்கிறது. நெசவாளர் மிகுந்த ஊர்களில் வள்ளுவர் பெயரால் அமைந்த மன்றங்களிலும் படிப்பகங்களிலும் உள்ள சுவர்ப்படங்கள் இதுவரை தொகுக்கப்படவில்லை. அவற்றுள் எங்கேனும் ஒரு தறி இருக்கக்கூடும். மயிலைக் கோயிலில் வாசுகிக்கும் தனிச் சந்நிதி உண்டு. அலுவலகப் படத்தில் அவரும் இல்லை.